செக்-இன் ஆகாத வரைபடம்: ஒரு பூட்டின் கதை

பழவேற்காடு ஏரி மீனவர்களிடம் 'பாடு' என்று ஒரு பழைய முறை உண்டு. வலை போடும் இடங்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்வார்கள். ஒருவர் முறையில் இன்னொருவர் அங்கே வலை போட முடியாது. கம்ப்யூட்டர் கோப்புகளுக்கும் இதே மாதிரி ஒரு ஏற்பாடு 1970களில் வந்தது.

1972-ல் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் எஸ்.சி.சி.எஸ். எழுதினார். 1980களில் வால்டர் டிச்சியின் ஆர்.சி.எஸ். வந்தது. ஒருவர் கோப்பைப் பூட்டி 'செக்-அவுட்' செய்தால், அவர் 'செக்-இன்' செய்யும்வரை மற்றவர்கள் காத்திருக்கணும். அடுத்து வந்த சி.வி.எஸ். பூட்டு இல்லாமலே சமாளித்தது. இரண்டு பேர் திருத்திய புரோகிராமை வரிவரியாகச் சேர்த்துவிடலாமே!

முப்பரிமாண வரைபடத்தை அப்படிச் சேர்க்க முடியாது. காட்டுப்பள்ளித் தளத்தில் கட்டி, 2018-ல் கடலோரக் காவல்படையில் சேர்ந்த 'விக்ரம்' மாதிரி ஒரு கப்பலில், குழாய் வரைபடம் ஒன்று பழசாக இருந்தால் தளத்தில் இரும்பை வெட்டித்தான் திருத்தணும். அதனால்தான் டிசைன் மென்பொருள்களில் பூட்டு இன்றும் இருக்கிறது.

செக்-இன் மறுக்கப்பட்டால் அவசரப்பட்டு 'அன்டூ செக்-அவுட்' அழுத்தாதீங்க, செய்த திருத்தமெல்லாம் போய்விடும். முதலில் கோப்பை வேறு இடத்தில் நகலெடுங்க. பிறகு பூட்டு யார் பெயரில், எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று பாருங்க. பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.