நிற்கத் தெரிந்த வேகம்

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுபாதையில் ஒரு காலத்தில் மோட்டார்ப் பந்தயம் நடந்தது. 1953-ல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிக் களம் வந்தது. ரஸ்தாவில் குடும்பங்களைச் சுமக்கும் பியட் போன்ற வண்டிகளும் சோழவரத்தில் ஓடின.

வீட்டு வண்டியைப் பந்தயத்துக்குத் தயார் செய்கிறவன் முதலில் இன்ஜினைத்தான் நினைப்பான். ஆனால் ஆபத்து இருப்பது பிரேக்கில். பியட் 1100-ன் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். அடுத்தடுத்து மிதித்தால் டிரம் சூடேறி விரியும்; லைனிங் பிடிப்பை இழக்கும்; பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் பெடல் வெறுமனே கீழே இறங்கும். ஆகவே வெப்பம் தாங்கும் லைனிங், புதிய ஆயில், காற்றுக்கு வழி, இவைதாம் முதற் செலவு. 1953-ல் லே மான்ஸ் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் வென்றது. அந்தத் தட்டு திறந்த காற்றில் சுழல்வதால் சீக்கிரம் ஆறிவிடும்!

அடுத்தது ஸ்பிரிங். மெத்தென்ற ஸ்பிரிங் பின் ஸீட்டுக் குழந்தையைத் தூங்க வைக்கும்; வளைவிலோ வண்டியைச் சாய்க்கும். கெட்டியான ஸ்பிரிங் போட்டால் அதை அடக்கும் ஷாக் அப்ஸார்பரும் வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் துள்ளும். தரையைத் தொடாத சக்கரத்துக்குப் பிரேக் இருந்தென்ன?

முத்துக்குளித்துறையில், ஒரு காலத்தில் கடலில் இறங்கியவன் தன் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுத்தான் என்பார்கள். ஆழம் போகிறவனுக்கு மேலே வருவதுதான் முதல் கவலை. வேகமாகப் போகிறவனுக்கும் நிற்பதுதானே முதல் கவலையாக இருக்க வேண்டும்?