புழுங்கலரிசியிலிருந்து இனிப்பு நீர் வரை

தோட்ட வரலாற்றை நாம் பெரும்பாலும் கப்பல், கங்காணி, சயாம் மரண ரயில், தோட்டத் துண்டாடல் என்ற வரிசையில்தான் எழுதி வந்திருக்கிறோம். அதில் உழைத்த உடம்புக்கு இடம் குறைவு. நான் மருத்துவன் இல்லை. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, தொழிற்சாலையில் சென்சார்களோடு மல்லுக்கட்டுகிறவன். செல்களுக்குள் சமிக்ஞை எப்படிப் போகிறது என்று வாசிக்கத் தொடங்கியபோது, எங்கள் கோலசிலாங்கூர்த் தோட்டங்களின் கதையை அந்த வழியாகவும் சொல்லலாம் என்று பட்டது.

முதலில் அரிசி. 1900களின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. கால் வீங்கும், நரம்பு செத்துப்போகும், கடைசியில் இதயம் நிற்கும். ஈயச் சுரங்கங்களில் சயாமிலிருந்து வந்த தீட்டிய வெள்ளையரிசியைச் சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களைத்தான் அது அதிகம் பிடித்தது. தமிழர்களிடம் அபூர்வம். நெகிரி செம்பிலானில் மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்தார். தமிழர்கள் தின்றது புழுங்கலரிசி. 1905இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் ஃபிளெச்சர் என்ற மருத்துவர் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சயாம் அரிசியும் மறு பாதிக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். சயாம் அரிசிப் பக்கத்தில் 18 பேர் பெரிபெரியில் இறந்தார்கள். இடம்தான் காரணமோ என்று ஆட்களைக் கட்டடம் மாற்றிப் பார்த்தும் நோய் அரிசியின் பின்னால்தான் போனது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் என்ற வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பதெல்லாம் பின்னால் தெரிந்த விஷயம்.

ஆக, ஊர்ப் பழக்கம் ஒன்று நம்மாட்களைக் காப்பாற்றியது. மலேரியாவிலிருந்து அது காப்பாற்றவில்லை. அதில் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள்.

இப்போது நூறு ஆண்டு தாண்டுவோம். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. பத்துப் பேரில் மூன்று பேர்! பெரிபெரிக்குத் தப்பிய அதே சமூகம் இனிப்பு நீரில் முதலிடம். இந்நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நீரிழிவால் சிறுநீரகம் இழந்தவர்கள். இதற்குக் கல்யாண வீட்டிலிருந்து கிளினிக் வரை கிடைக்கும் விளக்கம் ஒன்றுதான்: "நம்மாளுங்களுக்கு வாய்க்கட்டுப்பாடு இல்ல."

இந்த விளக்கத்தை செல்லின் பக்கத்திலிருந்து பார்க்கலாம். கணையம் சுரக்கும் இன்சுலின் செய்தி சொல்லத் தசைச் செல்லுக்குள் நுழைய வேண்டியதில்லை. வெளிச்சுவரில் இருக்கும் ஏற்பியில் ஒட்டிக்கொள்கிறது. ஏற்பியின் உள்பக்கம் விழித்துக்கொண்டு அடுத்த புரதத்துக்கு பாஸ்பேட் ஒன்றை மாட்டுகிறது. அது அடுத்ததைத் தட்டுகிறது. எங்கள் தொழிற்சாலை ரிலேக்கள் மாதிரிதான். கடைசியில், செல்லுக்குள் பதுங்கியிருக்கும் குளுட்-4 என்ற புரதம் மேலே வந்து சர்க்கரைக்கு வழிவிடுகிறது. தசைக்குள் வேண்டாத கொழுப்பு சேரும்போது அதன் துணைப்பொருட்கள் இந்தத் தொடரை நடுவில் அறுத்துவிடுகின்றன என்று பல ஆய்வுகள் காட்டுகின்றன. இன்சுலின் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும், உள்ளே செய்தி போகாது. ஒல்லியாக இருக்கும் இந்திய வம்சாவளி ஆண்களிடமும் இந்த எதிர்ப்பு அதிகம் என்று யேல் பல்கலைக்கழகக் குழு 2006இல் காட்டியது. எடை குறைவாகப் பிறக்கும் இந்தியக் குழந்தைகளின் உடம்பிலும் கொழுப்பின் பங்கு அதிகம் என்று புனேயில் யாஜ்னிக் குழு அதற்கு முன்பே கண்டது.

என்னை உலுக்கியது வேறொன்று. குளுட்-4 மேலே வர இரண்டாவது பாதை உண்டு. தசை சுருங்கி விரிந்தாலே போதும். இன்சுலின் இல்லாமலே சர்க்கரை உள்ளே போகும். இன்சுலின் பாதை கெட்டுப்போனவர்களிடமும் இந்தப் பாதை பெரும்பாலும் வேலை செய்கிறது.

இதை வைத்துக்கொண்டு தோட்டத்தைப் பாருங்கள். இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், நானூறு ஐநூறு மரம் சீவி, குனிந்து நிமிர்ந்து, பால் வாளியைக் காண்டாவில் தூக்கி நடந்த உடம்பு அது. என் பாட்டி புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருஷம் மரம் சீவியவர். கும்பாச் சோறு அவருக்கு எரிபொருள். முதல் பாதை பலவீனமாக இருந்திருந்தாலும் இரண்டாவது பாதை நாள் முழுக்கத் திறந்தே கிடந்தது.

பிறகு ரப்பர் போனது. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எங்கள் மாவட்டத்தில்தான் வந்தது. 1917இல் பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபோக்கொனியே பத்தாங் பெர்ஜுந்தை அருகே தென்னமரம் தோட்டத்தில் நட்டார். 1970களுக்குப் பிறகு செம்பனை ரப்பரை விழுங்கியது. வேலைக்கு இந்தோனேசியர்களும் வங்காளதேசிகளும் வந்தார்கள். பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. நம்மவர்கள் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் போய் அடுக்குமாடி ஏறினார்கள். காவலாளி, லோரி டிரைவர், ஷிஃப்ட் வேலை. உழைப்பு குறையவில்லை, உட்கார்ந்த உழைப்பாக மாறியது. தூக்கம் கெட்டாலும் இன்சுலினின் வேலை மந்தமாகும். தட்டில் சோறு அப்படியே இருந்தது, வெள்ளையரிசியாக. கூடவே கெட்டிப்பால் ஊற்றிய தே தாரேக். பாட்டிக்கு இனிப்பு நீர் வந்தது மாடிவீட்டுக்கு வந்த ஆறாவது வருஷம்.

'மரபணுதான் காரணம்' என்பவர்களுக்கு ஒரு கேள்வி: இரண்டு தலைமுறையில் மரபணு மாறிவிடுமா? அது இடத்தைத் தயார் செய்து வைத்திருக்கலாம். முன்பைவிட நீண்ட நாள் வாழ்கிறோம், பரிசோதனையும் கூடியிருக்கிறது, அதையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். அப்படியும் உழைப்பின் வடிவம் மாறியதை விட்டுவிட்டு இந்த 31.4ஐ விளக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பெரிபெரியைத் துரத்தியவர்கள் கூலிகளின் குணத்தை ஆராயவில்லை, தட்டில் என்ன அரிசி என்று பார்த்தார்கள். இன்றைய கேள்வியும் அப்படித்தான் இருக்க வேண்டும். அடுக்குமாடியில் நடக்க இடம் இருக்கிறதா, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டுக்குப் பிறகு நடக்கத் தெம்பு இருக்கிறதா, மலிவாகக் கிடைப்பது எந்த அரிசி? தோட்டத்து முதியவர்களைப் பேட்டி எடுக்கும் நண்பர்களிடம் எனக்கொரு வேண்டுகோள். கங்காணியைப் பற்றிக் கேட்கும்போதே, என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மரம் சீவினீர்கள், வேலையை எந்த வருஷம் விட்டீர்கள், இனிப்பு நீர் எந்த வருஷம் வந்தது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு வருஷங்களுக்கும் இடையிலுள்ள தூரமும் நம் வரலாறுதான். சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.