மாத்தளைப் பாதையும் எதிர்காலத்தின் இசையும்

மலையகத் தமிழரின் இசை மரபு பற்றிய எழுத்துக்கள் பெரும்பாலும் அதனைக் கடந்தகாலத் துயரத்தின் ஆவணமாகவே நோக்கி வந்துள்ளன. இந்நோக்குப் பிழையானதன்று, ஆயினும் முழுமையானதன்று. ஒடுக்கப்பட்ட மக்களின் கலை பட்ட துன்பத்தை மட்டுமன்றி, வரவேண்டிய உலகையும் பேசுவதாகும். இவ்வுண்மையை அமெரிக்கக் கறுப்பின மக்களின் நவீன இசை தெளிவுறக் காட்டியுள்ளது. அதன் துணைகொண்டு மாத்தளையை மீண்டும் நோக்குவதே இங்கு நமது முயற்சி.

'ஆபிரிக்க எதிர்காலவாதம்' என்னும் பெயரை 1993ஆம் ஆண்டில் வழங்கியவர் மார்க் டெரி என்ற விமரிசகர். பெயருக்கு முன்னரே பொருள் தோன்றிவிட்டது. 1914இல் அலபாமாவிற் பிறந்த ஜாஸ் கலைஞர் சன் ரா, தாம் சனிக் கிரகத்திலிருந்து வந்தவரெனக் கூறி, பண்டைய எகிப்தையும் விண்வெளியையும் தமது இசையில் இணைத்தார். ஜோர்ஜ் கிளிண்டனின் பார்லமென்ற் குழு 1975இல் 'மதர்ஷிப் கனெக்ஷன்' என்ற இசைத்தட்டை வெளியிட்டு, பின்னர் மேடையிலேயே விண்கலமொன்றை இறக்கிக் காட்டியது. 1990களில், மோட்டார்த் தொழில் நலிந்த டெட்ரொயிற் நகரில், டிறெக்சியா என்ற டெக்னோ இசைக் குழு வேறொரு புராணத்தைப் படைத்தது: அடிமைக் கப்பல்களிலிருந்து கடலில் வீசப்பட்ட கருவுற்ற பெண்களின் பிள்ளைகள் நீரடியில் உயிர்வாழ்ந்து நாடொன்றை அமைத்தனர் என்பதே அது. ஜாஸ், ஃபங்க், டெக்னோ என வடிவங்கள் வேறாயினும் அடிப்படை ஒன்றே. கடந்தகாலம் பறிக்கப்பட்டு எதிர்காலமும் மறுக்கப்பட்ட மக்கள் இரண்டையும் இசையில் ஆக்கிக்கொண்டனர். இது வாழ்விலிருந்து தப்பியோடும் கனவன்று. உரிமைக் கோரிக்கையின் ஒரு வடிவம்.

இனி மாத்தளைக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டின் கோப்பிப் பெருந்தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்ட தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, நாலந்தை ஊடாக நடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியும் பசியும் பலரை வழியிலேயே மாய்த்தன. மலையகத்தின் வாசல் மாத்தளை. அவ்வாசலுக்கு இட்டுச்சென்ற பாதை ஓர் இடுகாடு.

அடிமை வணிகத்தையும் கங்காணி முறையையும் நாம் ஒன்றெனக் கொள்ளலாகாது. அமெரிக்கா சென்ற ஆபிரிக்கர் தம் மொழிகளையே இழந்தனர். மலையக மக்களோ மொழியையும் கூத்தையும் தப்பையும் தம்முடன் கொணர்ந்தனர். அவர்கள் இழந்தது நிலத்தை, பின்னர் குடியுரிமையை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமெனப் பங்கிட்டது. அவ்வகையில் எதிர்காலமே அரசுகளின் பேரப்பொருளாயிற்று.

இப்பின்னணியில் தோட்டக் கலைகளை நோக்குமிடத்து ஒரு புதிய பொருள் புலனாகின்றது. விடியலிற் பிரட்டுக்குத் தொழிலாளரை அழைத்த தப்பு உழைப்பின் ஒழுங்கைக் காத்த கருவி. அதே தப்பு மாசி மாத இரவுகளில் காமன் கூத்துக்கு ஒலித்தபோது மக்களின் சொந்தக் கருவியாயிற்று. அங்கு எரிக்கப்பட்ட காமன் ரதியின் வேண்டுதலால் மீண்டும் உயிர்பெறுகின்றான். அருச்சுனன் தபசில் கூத்தன் உயர்ந்த மரத்தின்மீது ஏறி வானை நோக்கி வரம் கேட்கின்றான். இவை தமிழகத்திலிருந்து வந்த பழைய கதைகளே. எனினும் லயன் அறைகளில் வாழ்ந்தோர் ஆண்டுதோறும் அவற்றை நிகழ்த்தியமை, சாம்பலிலிருந்து எழுதலையும் மேலேறிக் கேட்டலையும் தம் நினைவில் நிலைநிறுத்தியமையாகும் என நாம் கருதுகின்றோம். சி. வி. வேலுப்பிள்ளை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற தொகுப்பினால் வாய்மொழிப் பாடல்களை அச்சேற்றினார். அவற்றை ஒப்பாரியாக மட்டும் வாசிக்கும் வழக்கம் இனி மாறவேண்டும்.

அம்மாற்றத்திற்கு இசையே வழிகாட்டிவிட்டது. 2021இல் தீயும் அறிவும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையமைத்து வெளிவந்த 'என்ஜாய் எஞ்சாமி' ராப்பையும் ஒப்பாரியையும் இணைத்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய தம் பாட்டியின் வாழ்வே அதன் ஊற்று என அறிவு கூறியுள்ளார். நிலத்தை ஆக்கியோர் நிலமற்றிருத்தல் அதன் பொருள். மண்ணும் நீரும் அனைவருக்கும் உரியன என்பது அதன் எதிர்காலம். டெட்ரொயிற்றின் கற்பனைக்கு இது உறவானதே.

இசை மட்டும் காணியுறுதி வழங்காது என்பதை நாம் மறக்கவில்லை. 2023 ஜூலையிலும் ஓகஸ்ட்டிலும், 200 ஆண்டு நிறைவையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் மீண்டும் நடந்தனர். முன்னோர் பிழைப்புத் தேடி நடந்த வழியில் பின்னோர் காணியும் வீடும் சமவுரிமையும் கேட்டு நடந்தனர். மாண்டோரின் பாதையை வருவோரின் பாதையாக மாற்றிய அச்செயலையும் அத்தோட்டங்களின் தப்பொலியையும் ஒருங்கே ஆராய்வது நமது ஆய்வாளரின் உடனடிக் கடமையாகும்.