வைகை அணை வட்டாரத்தை எழுதியவர்கள்

ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணை 1959 ஜனவரியில் திறக்கப்பட்டது. அணை எழுவதற்கு முன்பே, இந்த வட்டாரத்தில் பரவி வாழும் பிரமலைக் கள்ளர் சமூகம் ஆய்வாளர் கவனத்துக்கு வந்துவிட்டது. பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் 1949–50இல் உசிலம்பட்டிப் பக்கம் களஆய்வு செய்து, பங்காளி முறை, தாய்மாமன் சீர், குலசாமி வழிபாடு ஆகியவற்றை நுணுக்கமாகப் பதிந்தார். 1957இல் பிரெஞ்சில் வந்த அந்தப் பெருநூல் ஆங்கிலத்தில் வர 1986 வரை ஆயிற்று. எழுதப்பட்ட மக்கள் கைக்கு எட்டாத நூல் அது.

அணையில் மூழ்கிய ஊர்களின் கதையை வாசகரிடம் கொண்டுசேர்த்தது வாரப் பத்திரிகை. அணையால் சொந்த ஊரான மெட்டூரை இழந்த குடும்பத்தில் பிறந்த வைரமுத்து, ஆனந்த விகடனில் தொடராக எழுதிய ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ 2003இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பேயத்தேவர் என்ற சம்சாரியின் பாடு வழியே அது சொன்ன இழப்பைப் பொதுப்பணித்துறைப் புள்ளிவிவரம் எதுவும் சொல்லிவிடாது. நாவலாசிரியர் சு. வெங்கடேசனோ கள்ளர் சமூகத்தைப் பற்றிய ஆவணங்களையும் வாய்மொழி வழக்குகளையும் திரட்டி ‘காவல் கோட்டம்’ (2008) நாவலை எழுதினார்.

ஆய்வுலக வாசகர், பொது வாசகர் என இரு வகையினருக்கும் ஒருவரே எழுதியதற்கு நல்ல சான்று, அமெரிக்காவில் வளர்ந்த மானிடவியலாளர் ஆனந்த் பாண்டியன். கம்பம் பள்ளத்தாக்கில் செய்த களஆய்விலிருந்து 2009இல் வந்தது அவருடைய ‘குரூக்கட் ஸ்டாக்ஸ்’. ஆங்கிலேயர் ஆட்சியில் கள்ளர்கள்மீது ஏவப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டத்தை இந்தப் பக்கம் ரேகைச் சட்டம் என்பார்கள். பெருவிரல் ரேகை பதித்தவர்கள் இரவில் காவலர் கண்காணிப்பில் படுக்க வேண்டியிருந்தது, வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. அப்படி அடக்கப்பட்டவர்களை உழவால் திருத்த நினைத்த ஆட்சியையும், உழவையே நல்லொழுக்கமாகக் கண்ட பழந்தமிழ் மரபையும் அந்நூல் அருகருகே வைக்கிறது. காவல்துறைக் கோப்பு, சங்கப் பாட்டு, சினிமா, களத்துமேட்டுப் பேச்சு எல்லாமே அதில் சான்றுகள். ஆயினும் அது பல்கலைக்கழக வாசகருக்கான நூல்தான்.

அடுத்து அவர் தம் தாத்தா எம்.பி. மாரியப்பனோடு சேர்ந்து எழுதிய ‘மிச்சம் மீதி’யைக் காலச்சுவடு வெளியிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது பர்மாவிலிருந்து தப்பி வந்து, மதுரையில் பழக்கடை வைத்துப் பிழைத்தவர் மாரியப்பன். நூலில் தாத்தா தம் வாழ்க்கையைச் சொல்ல, பேரன் இடையிடையே விளக்கம் எழுதுகிறார். துய்மோன் நூலுக்கு நேர்மாறாக, இது முதலில் தமிழில் வந்து, 2014இல்தான் ஆங்கிலத்துக்குப் போனது.