திருநெச்சுரத்துப் பள்ளி

பங்குனி உத்திரத்துக்குக் கழுகுமலை போகிற நம் பக்கத்து ஜனம், அடிவாரத்தில் கழுகாசலமூர்த்தியைக் கும்பிட்டதும் பஸ்ஸைப் பிடித்துவிடும். மலையேறுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களிலும் பலர் வெட்டுவான் கோவிலோடு திரும்பிவிடுவார்கள். மேலிருந்து கீழாகக் குடைந்த அந்த ஒற்றைக்கல் கோவிலும், அதில் மத்தளம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியும் கண்ணைக் கட்டிப்போடும், உண்மைதான். ஆனால் இந்தக் கட்டுரை அதைப் பற்றியதல்ல.

பக்கத்துப் பாறைச் சரிவில், வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள் அமர்ந்திருக்கிறார்கள். பாம்பு குடைபிடிக்கும் பார்சுவநாதர், கொடி சுற்றிய பாகுபலி, சிங்கத்தோடு அம்பிகை. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் இது பெரிய சமணப் பள்ளி. ஊருக்குத் திருநெச்சுரம் என்றும் குன்றுக்கு அரைமலை என்றும் அன்று பெயர்.

சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் சின்னச் சின்ன வரிகள். நூற்றுக்கும் மேற்பட்ட இந்தக் கல்வெட்டுகளைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் 5ஆம் தொகுதி பதிப்பித்திருக்கிறது. பெரும்பாலும் இன்னார் செய்வித்த திருமேனி என்ற அளவில்தான் இருக்கும். மன்னர் பெயரைத் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம். இங்கே தச்சரும் குயவரும்கூடத் தம் பெயரைப் பொறித்திருக்கிறார்கள். கோட்டாற்றிலிருந்தும் திருச்சாரணத்திலிருந்தும், அதாவது இன்றைய குமரி மாவட்டத்துச் சிதறாலிலிருந்தும் வந்தவர்கள் உண்டு. இந்தப் பள்ளி ஊரார் கொடையில் வளர்ந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

எனக்கு எல்லாவற்றிலும் பெரிதாகப் படுவது குரத்தியர் பெயர்கள். குரத்தி என்பவர் ஆசிரியை. சங்கக் குரத்தி, மிழலூர்க் குரத்தி, திருச்சாரணத்துக் குரத்தி என்று வரிசை நீளுகிறது. அவர்களுக்கு மாணாக்கர்களும் இருந்தார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னால் பெண்கள் பாடம் சொன்ன இடம் நம் கரிசல் மண்ணில் இருந்தது. சித்தாந்தம் விரித்துரைக்கும் வைராக்கியர் என்ற துறவிகளுக்குச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்த கல்வெட்டும் இருக்கிறது. படிப்பும் சோறும் சேர்ந்தே நடந்திருக்கின்றன.

சமணம் மங்கியபின் பள்ளி கலைந்தது. பாறையருகே அய்யனார் குடியேறினார். பழைய இடம் ஆளற்றுப் போகாமல் பார்த்துக்கொண்டதில் அவருக்கும் பங்குண்டு என்றே நினைக்கிறேன். இன்று மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. வெளியூர்ச் சமணர்கள் வணங்க வருகிறார்கள், சிற்பக் கலை மாணவர்கள் வரைய வருகிறார்கள். மலைக்கு இரண்டாம் வாழ்வு கிடைத்துவிட்டது. ஆனால் பார்க்கும் இடமாகத்தான் கிடைத்திருக்கிறது, படிக்கும் இடமாக இன்னும் இல்லை.

நம் பள்ளிகள் ஆண்டுக்கொருமுறை பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய் வட்டெழுத்தில் பத்துப் பெயரையாவது வாசிக்க வைக்கலாம். காலையிலேயே ஏறிவிட வேண்டும். வெயில் வந்துவிட்டால் பாறையில் கால் வைக்க முடியாது.