ஐஸ் பெட்டியும் ரெண்டு தவளையும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்ச பதிவு இது. ஆபீஸ்ல ஒரு ரிலீஸ், அது முடிஞ்சா இன்னொரு ரிலீஸ்னு தள்ளிக்கிட்டே போச்சு. போன வாரம் ஊர்ல மாமா சொன்ன ஒரு வார்த்தைக்கு அப்புறம், இனி எழுதலைன்னா தூக்கம் வராதுன்னு உக்காந்துட்டேன்.

ஊர்னா போளூர். திருவண்ணாமலைப் பக்கம் இருக்கிற போளூர் இல்லைங்க. கொடைக்கானல்ல இருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சின்னு பஸ் வளைஞ்சு வளைஞ்சு போகுமே, அந்தப் போளூர். படிப்படியா வெட்டின வயல், பூண்டு, உருளைக்கிழங்கு, குளிர். அந்தக் குளிர்ல எங்க வீட்டு முன்னறையில ஒரு மீன் தொட்டி இருக்கு. ஹீட்டர் போட்டு 25 டிகிரியில வெச்சிருக்கேன். உள்ள ஒரு டஜன் கப்பி மீன், ரெண்டு தவளை.

தவளைன்னதும் மழைக்காலத்துல கத்துற நம்மூர்த் தவளைய நெனச்சுக்காதீங்க. இது ஆப்பிரிக்கக் குட்டைத் தவளை. காங்கோ பக்கத்துக் காட்டு ஓடைகள்ல வாழுறது. முழுசா வளர்ந்தாலே கட்டைவிரல் அளவுதான். தரைக்கே வராது, தண்ணியிலயேதான் வாழ்க்கை. மூச்சு விட மட்டும் மேல வந்துட்டுப் போகும். சென்னை கொளத்தூர்ல மூணு வாங்கினேன். மூணுல ஒண்ணு செத்துப்போச்சு. அந்தக் கதைக்குக் கடைசியில வரேன்.

மாமா வந்த அன்னைக்கு நான் ஃப்ரிட்ஜ் மேல்தட்டுல இருந்து உறைஞ்ச ரத்தப்புழுக் கட்டி ஒண்ணை எடுத்துக் கிண்ணத்துல போட்டேன். மாமா எட்டிப் பாத்தார்.

"என்ன மாப்ள, தவளைக்கு ஐஸ் பெட்டியில இருந்து தீனியா? நாங்கல்லாம் தவளையவே ஐஸ் பெட்டிக்கு அனுப்புனவங்கடா!"

நான் சிரிச்சேன். அவர் சிரிக்கல.

மாமா வத்தலக்குண்டு பக்கத்துக்காரர். 1980களின் தொடக்கத்துல பள்ளிக்கூடப் பையன். மழை பெஞ்ச ராத்திரி பெட்ரோமாக்ஸ் லைட்டைத் தூக்கிட்டு நெல்வயலுக்குப் போவாங்களாம். முகத்துல வெளிச்சம் விழுந்தா தவளை அப்படியே மலைச்சுப்போய் உக்காந்திருக்கும். இடுப்பைச் சேத்துப் பிடிச்சு ஈரச் சாக்குல போடணும். காலையில ஏஜெண்ட் வந்து எடைபோட்டு எடுத்துட்டுப் போவார். எங்க போகுதுன்னு யாருக்கும் தெரியாது. "வெளிநாட்டுக்காரன் திங்கிறானாம்" அவ்வளவுதான்.

சரி, அது எங்கதான் போச்சு? தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். அது ஐஸோட வரலாறா போயி முடிஞ்சுது.

நம்ம நாட்டுக்கு ஐஸ் வந்ததே கப்பல்லதான். 1833-ல ஃப்ரெடரிக் டியூடர்ங்கற பாஸ்டன் வியாபாரி, குளிர்காலத்துல உறைஞ்ச ஏரித் தண்ணிய வெட்டி, மரத்தூள்ல பொதிஞ்சு கல்கத்தாவுக்கு அனுப்பினார். 180 டன் ஏத்தினதுல 100 டன் அளவுக்கு உருகாம வந்து சேர்ந்துச்சு. அதுக்கப்புறம் 1842-ல மெட்ராஸ் கடற்கரையிலயும் ஐஸ் சேமிக்க ஒரு கட்டடம் வந்துச்சு. அதுதான் ஐஸ் ஹவுஸ். 1897-ல விவேகானந்தர் தங்கினதால இன்னைக்கு விவேகானந்தர் இல்லம். அமெரிக்க ஏரி ஐஸ் இங்க வந்தது துரைமார் குடிக்கிற தண்ணியக் குளிர வைக்க. இங்கயே மெஷின்ல ஐஸ் பண்ண ஆரம்பிச்சதும் அந்த வியாபாரம் படுத்துருச்சு.

அதுவரைக்கும் ஐஸ் நமக்கு வந்தது. நூறு வருஷம் கழிச்சு நாம ஐஸ்ல வெச்சு அனுப்ப ஆரம்பிச்சோம். 1953-ல கொச்சியில இருந்து உறைய வெச்ச இறால் அமெரிக்காவுக்குப் போச்சு. இந்தியாவோட உறைபதன மீன் ஏற்றுமதி அங்கதான் தொடங்குது. அதே மாதிரி ஃப்ரீசர்கள்ல பின்னாடியே தவளைக் காலும் ஏறிடுச்சு. நெல்வயல்ல இருக்கிற பெரிய காளைத் தவளை, அதோட இன்னும் ஒண்ணு ரெண்டு இனம். பின்னங்கால் ரெண்டை மட்டும் வெட்டி எடுத்து, தோலை உரிச்சு, கழுவி, உறைய வெச்சு, மைனஸ் 18 டிகிரியில கப்பல் ஏத்துறது. பிரான்சும் அமெரிக்காவும் பெரிய வாடிக்கையாளர்கள். மிச்ச உடம்பு குப்பைக்கு. பல இடங்கள்ல உயிரோட இருக்கும்போதே காலை வெட்டினாங்கன்னு அப்பவே பெரிய கூச்சல் எழுந்துச்சு.

1981-ல மட்டும் 4,000 டன்னுக்கு மேல கால் போயிருக்கு. எஞ்சினியர் புத்தி சும்மா இருக்குமா, ஒரு கணக்குப் போட்டேன். ஒரு ஜோடிக் கால் 80 கிராம்னு வெச்சுக்குவோம். 4,000 டன்னுனா 40 லட்சம் கிலோ. வகுத்தா 5 கோடித் தவளை. ஒரே வருஷத்துல! 80 கிராம்ங்கறது என் அனுமானம்தான். நூறு கிராம்னு வெச்சாலும் 4 கோடி வருது.

தவளை வயல்ல சும்மா உக்காந்திருக்கிற ஜீவன் இல்ல, பூச்சியத் தின்னுக்கிட்டே இருக்கும். தவளைய வித்து வர்ற டாலரை, பூச்சி மருந்து வாங்கித் தொலைக்கிறோம்னு இயற்கை ஆர்வலர்கள் வாதாடினாங்க. 1985-ல அழிவாபத்து உயிரினங்களின் சர்வதேச வணிக ஒப்பந்தம் காளைத் தவளைய இரண்டாம் பட்டியல்ல சேத்துச்சு. 1987-ல இந்திய அரசு ஏற்றுமதியையே தடை பண்ணிடுச்சு. வியாபாரம் நின்னுடுச்சான்னா, இல்ல. இந்தோனேசியாவுக்கு இடம் மாறிடுச்சு. தட்டு காலியாகல, தவளை மட்டும் வேற ஊர்த் தவளை.

இன்னொரு விஷயம். அந்தக் காலத்துல இந்தியாவுல இருந்து போன தவளைக் கால் சரக்கு பலதை, சால்மோனெல்லா கிருமி இருக்குன்னு அமெரிக்காவுல நிறுத்தி வெச்சாங்க. மைனஸ் 18-லயுமா கிருமி? ஆமாங்க. குளிர் பல கிருமிகளைக் கொல்றதில்ல, தூங்க வைக்குது. இதை ஞாபகம் வெச்சுக்குங்க, என் தொட்டிக்கு வரும்போது வேணும்.

நிற்க. இப்ப எதிர்த்திசையில வருவோம். தவளை ஐஸ்ல போன கதை சொல்லியாச்சு, தவளைக்கு ஐஸ்ல தீனி வந்த கதை?

ரொம்ப காலம் மீன் வளர்த்தவங்களுக்கு உயிர்த்தீனிதான் கதி. நம்மூர்ல சாக்கடையில இருந்து அள்ளுற சிவப்பு ட்யூபிஃபெக்ஸ் புழு, தேங்கின தண்ணியில கொசுப்புழு. சாக்கடைப் புழு கூடவே நோயும் வரும். ட்ரவுட் மீனைச் சுழல வெச்சுக் கொல்ற ஒரு நோய் 1903-லயே ஜெர்மனியில பதிவாயிருக்கு. ஆனா அது ட்யூபிஃபெக்ஸ் புழு வழியாத்தான் பரவுதுன்னு கண்டுபிடிக்க 1984 ஆச்சு. 80 வருஷம்! அமெரிக்காவுல ஆல்வின் சீல் 1930கள்ல உப்பளத்து ஆர்ட்டீமியா இறால் குஞ்சு மீன்குஞ்சுக்கு அருமையான தீனின்னு காட்டினார். அதுக்கப்புறம் வீட்டுக்கு வீடு ஃப்ரீசர் வந்ததும் ஆர்ட்டீமியா, ரத்தப்புழு எல்லாம் சின்னச் சின்னக் கட்டியா உறைஞ்சு அட்டையில வர ஆரம்பிச்சுது. ரத்தப்புழுன்னு பேருதானே தவிர அது புழு இல்ல. கொசு மாதிரியே இருக்கிற, ஆனா கடிக்காத ஒரு ஈயோட இளம்பருவம். நம்ம ரத்தம் மாதிரியே ஹீமோகுளோபின் இருக்கிறதால சிவப்பு.

தண்ணித் தவளை கண்ணாடித் தொட்டிக்கு வந்ததும் தனிக் கதை. 1930 வாக்குல கேப் டவுன்ல லான்சலாட் ஹாக்பென்ங்கற விஞ்ஞானி, ஜெனோபஸ்ங்கற நகத்தவளைக்கு சில ஹார்மோன் ஊசி போட்டா முட்டையிடுதுன்னு கண்டார். அதுல இருந்து கர்ப்பப் பரிசோதனையே வந்துச்சு. பெண்ணோட சிறுநீரைத் தவளைக்கு ஏத்தினா, கர்ப்பமா இருந்தா தவளை மறுநாளுக்குள்ள முட்டையிடும். இதுக்காக உலகம் பூரா ஆஸ்பத்திரிகளுக்குத் தவளைகள் கப்பல் ஏறிச்சு. நோயெதிர்ப்பு முறைச் சோதனை வந்ததும் 1960கள்ல வேலை போச்சு, ஆனா அதுக்குள்ள தொட்டியில தவளை வளர்க்கிறது சகஜமாயிடுச்சு. என் குட்டைத் தவளை அதே குடும்பம்தான்.

இந்தக் குடும்பத்துக்கு நாக்கே கிடையாது! நம்மூர்த் தவளை அசையுறதைக் கண்ணால பாத்து நாக்கை வீசிப் பிடிக்கும். செத்துக் கிடக்கிற புழுவைத் திரும்பிக்கூடப் பாக்காது. குட்டைத் தவளைக்குக் கண் மந்தம். மோப்பத்தாலயும் தண்ணியோட அசைவாலயும்தான் தீனியத் தேடும், கையால வாய்க்குள்ள தள்ளிக்கும். அதனாலதான் உறைஞ்ச தீனி இதுக்குச் சரிப்படுது.

இப்ப அந்த மூணாவது தவளை. ஆரம்பத்துல கட்டியை உருக்கி மொத்தமா தொட்டியில கொட்டுவேன். கப்பி கூட்டம் ஒரே நிமிஷத்துல முடிச்சிடும். தவளை மோப்பம் பிடிச்சு, மெதுவா நடந்து வந்து சேரும்போது இலை எடுத்தாச்சு, பந்தி முடிஞ்சாச்சு. மூணுல சின்னது இளைச்சுக்கிட்டே போச்சு. நான் ஏதோ நோய்னு நெனச்சு மருந்து தேடினேன். ஒரு காலையில மிதந்துச்சு. எடுத்துப் பாத்தா எலும்பும் தோலும். தீனி நிறைஞ்ச தொட்டியில அது பட்டினியில செத்திருக்கு. ரெண்டு மாசம் தினமும் பாத்துக்கிட்டே இருந்திருக்கேன்.

இன்னொரு தப்பும் பண்ணினேன். மழைக்காலத்துல ஒரு நாள் பூரா கரண்ட் இல்ல. கட்டி உருகி, கரண்ட் வந்ததும் திரும்ப உறைஞ்சிருந்தது. வீணாக்க மனசில்லாம போட்டேன். தூங்கின கிருமி முழிச்சுப் பெருகி மறுபடி தூங்கியிருக்கு. மறுநாள் தண்ணி பால் மாதிரி, நாலு கப்பி காலி. ஏற்றுமதிக்காரங்க 1980லயே படிச்ச பாடம், எனக்கு நாலு மீன் செத்த பிறகுதான் ஏறிச்சு.

இப்ப செய்யுற முறை இதுதான். கட்டியைத் தொட்டித் தண்ணியிலயே உருக்கி, வடிகட்டியில வடிச்சு அந்தச் சிவப்புத் தண்ணியக் கொட்டிடுவேன் (வடிகட்டி தனி! அம்மா அடிக்க வந்துட்டாங்க). கொஞ்சம் புழுவை ஒரு மூலையில கப்பிகளுக்குப் போட்டுடுவேன், எல்லாம் அங்க ஓடிடும். அந்த நேரத்துல இன்னொரு மூலையில மண் அகல்விளக்கு ஒண்ணு வெச்சிருக்கேன், அதுக்குள்ள இங்க் ஃபில்லரால தவளைப் பங்கை இறக்குவேன். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை. ரெண்டு தவளையும் இப்ப நேரா அகலுக்கே வந்துடுதுங்க. உருகி உறைஞ்ச கட்டி எதுவா இருந்தாலும் பூண்டு வயலுக்கு உரம்.

மாமா அன்னைக்கு ஸ்டூல் போட்டு உக்காந்து பத்து நிமிஷம் பாத்தார். அகலுக்குள்ள தவளை ரெண்டு கையாலயும் புழுவைத் தள்ளிக்கிட்டு இருந்துச்சு.

"இது கத்துமா மாப்ள?"

"சத்தமால்லாம் கத்தாது மாமா. ஆண் மட்டும் ராத்திரியில லேசா ரீங்காரம் போடும். காது குடுத்துக் கேட்டாத்தான் கேக்கும்."

"நாங்க பிடிச்சு நாலஞ்சு வருஷத்துல எங்க வயல்ல சத்தமே கேக்காமப் போச்சு" என்றார். அதுக்கு மேல ஒண்ணும் பேசல. அன்னைக்கு ராத்திரி பத்து மணிக்கு நான் கதவைச் சாத்த வந்தப்ப, லைட்டை அணைச்சிட்டு, போர்வையப் போத்திக்கிட்டு தொட்டி பக்கத்துல உக்காந்திருந்தார்.

டிஸ்கி: தவளை வளர்க்கிறவங்களுக்கு ஒரே வேண்டுகோள். தொட்டித் தண்ணிய ஓடையில ஊத்தாதீங்க, அலுத்துப்போச்சுன்னு தவளையக் குளத்துல விடாதீங்க. கைட்ரிட்ங்கற தோல் பூஞ்சை உலகத்துல 500 தவளை, சாலமாண்டர் இனங்களைக் குறைச்சிருக்கு, அதுல 90 இனம் அழிஞ்சே போச்சுன்னு 2019 ஆய்வு ஒண்ணு சொல்லுது. தவளை வியாபாரத்தோடதான் அது பரவுச்சுன்னு சந்தேகம். எங்க மலையில கொடைக்கானல் பேரோடயே ஒரு குட்டிப் புதர்த்தவளை இருக்கு, 2006-லதான் அறிவியல் பேரே வெச்சாங்க. ஒரு தடவை ஐஸ்ல ஏத்தி அனுப்பினது போதும். நான் தண்ணிய ஓடைக்குத் தூரமா, வெயில் காயுற காஞ்ச மண்ணுலதான் ஊத்துறேன்.