தந்திக்கம்பமும் உயர்மின் கோபுரமும்

இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தை அகற்றுவதற்கென 2023இல் தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டபோதும், பழைய சட்டத்தின் மூன்றாம் பகுதி மின்வழித்தடங்களுக்குத் தொடர்ந்து பொருந்தும் என அதிலேயே எழுதி வைத்தனர். தந்தி மறைந்த பின்னும் அதன் சட்டம் உழவர் நிலத்தில் நின்றுகொண்டிருக்கும் கதை இது.

அச்சட்டத்தின் 10ஆம் பிரிவு கூறுவது எளிது. கம்பம் நடுவோர்க்கு நிலத்தில் பயன்பாட்டுரிமை மட்டுமே உண்டு. நிலம் உரியவரிடமே இருக்கும். இயன்றவரை குறைந்த சேதமே விளைவிக்க வேண்டும். நேர்ந்த சேதத்திற்கு முழு இழப்பீடு தர வேண்டும். ஒற்றைக் கம்பத்தையும் மெல்லிய கம்பியையும் மனத்திற்கொண்டு பார்த்தால் இதில் பெரிய அநீதி ஏதுமில்லை. கம்பத்தைச் சுற்றி ஏர் ஓட்டிவிடலாம்.

1910ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 51ஆம் பிரிவு இந்த அதிகாரத்தை மின்சாரத்திற்குக் கடன் வாங்கியது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 164ஆம் பிரிவிலும் அக்கடன் தொடர்கிறது. கடன் வாங்கியவர்கள் அளவை மட்டும் பாராது விட்டனர். 400 கிலோவோல்ட் தடத்திற்கு ஏறத்தாழ 46 மீட்டர் அகலம் வேண்டும். அது ஒரு தோட்டத்தில் நூறு மீட்டர் கடந்தால் ஓர் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் அதன் கீழ் அகப்படும். அங்கே தென்னை வளர்க்க இயலாது. வீடு கட்ட இயலாது. விற்கப் போனால் விலை படியாது. பட்டா மட்டும் உரியவர் பெயரில் இருக்கும்!

'சேதம்' என்ற சொல்லுக்கு வெட்டுதல் என்பதே மூலப்பொருள். சிரச்சேதம் என்பதில் அதைக் காணலாம். நெடுங்காலம் இழப்பீடும் அப்பொருளிலேயே நின்றது: வெட்டிய மரத்திற்கும் அழிந்த பயிருக்கும் பணம், நிலத்தின் மதிப்புக் குறைவுக்குப் பெரும்பாலும் ஒன்றுமில்லை. தொகை போதாதெனின் 16ஆம் பிரிவின்படி மாவட்ட நீதிபதியை நாடலாம். கேரள மின்வாரிய வழக்கொன்றில் 2007இல் உச்ச நீதிமன்றம், நிலம் அமைந்துள்ள இடம், கம்பி நடுவே செல்கிறதா ஓரமாகவா என்பன போன்றவற்றையும் எஞ்சிய நிலத்தின் மதிப்புக் குறைவையும் கருத வேண்டும் என்றது. அனைத்திற்கும் ஒரே வாய்பாடு பொருந்தாது என்பதே அதன் சாரம். எனினும், வழக்காடும் வசதி எத்தனை பேருக்கு உண்டு?

2015 அக்டோபரில் மத்திய மின்துறை வழிகாட்டுதல் வெளியிட்டது: கோபுர அடிநிலத்திற்கு நிலமதிப்பில் 85 விழுக்காடு, கம்பிக்குக் கீழுள்ள தடத்திற்கு 15 விழுக்காடு வரை. ஏற்பதும் ஏற்காததும் மாநிலங்களின் விருப்பம். 2018 இறுதியில் கொங்குப் பகுதி உழவர்கள் ராய்கர்–புகளூர் 800 கிலோவோல்ட் தடத்தை எதிர்த்துப் போராடியபோது, சாலையோரம் புதைவடமாகக் கொண்டுசெல்லுங்கள் என்றே முதலில் கேட்டனர். அது இயலாத கோரிக்கையன்று. புகளூர்–திருச்சூர்த் தடத்தில் கேரளப் பகுதியின் ஒரு பங்கு புதைவடந்தான்.

2024 ஜூனில் அவ்விழுக்காடுகள் 200 எனவும் 30 எனவும் உயர்த்தப்பட்டன. ஆயினும் நிலமதிப்பு என்பது பல இடங்களில் பத்திரப்பதிவின் வழிகாட்டி மதிப்பாகவே கணக்கிடப்படுகிறது. அது சந்தை விலையை எட்டுவது அரிது. வேறொன்றும் நம் நெஞ்சை உறுத்துகிறது. இந்த ஒன்பதாண்டுகளில் கம்பியின் கீழுள்ள மண் மாறவில்லை, அதன் மேலுள்ள தடையும் மாறவில்லை. 15 விழுக்காடு பெற்றுக்கொண்டு கையொப்பமிட்டவர்க்கு மீதியைத் தருவார் எவருமில்லை.